பயிற்சித் தோல்

நான் நான்கு வருடம் மனிதத் தோல் செய்து விற்கும் இடத்தில் வேலை பார்த்தேன். இப்படிச் சொன்னால் கேட்பவர்கள் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொள்கிறார்கள். அது சிலிகான் தோல்தான், அதற்குப் பயப்பட ஒன்றுமில்லை. பயப்பட வேண்டிய விஷயம் வேறு. அதைச் சொல்லத்தான் இத்தனை வருடம் கழித்து உட்கார்ந்திருக்கிறேன்.

செல்போனில் வருகிற அழைப்புக்கும் காசு பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து கடல் பக்கமாகப் பிரியும் ஒரு சந்தில், இரண்டு லேத் பட்டறைகளுக்கு நடுவே எங்கள் கம்பெனி. துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் புகுந்து புறப்பட்டு வேலைக்குப் போவேன். காற்று ஒரு பக்கம் அடித்தால் மணலி எண்ணெய் ஆலை வாடை, மறு பக்கம் அடித்தால் கருவாட்டு வாடை. முதலாளி அதற்கு முன் மோட்டார்களுக்கு ரப்பர் வளையம் செய்துகொண்டிருந்தவர். யாரோ ஒரு டாக்டர் நண்பர் யோசனை சொல்ல, நர்ஸ் படிப்பு படிக்கும் பெண்கள் ஊசி போட்டுப் பழகுவதற்கான தோல் செய்யத் தொடங்கினார்.

ஒரு சாண் நீளம், நான்கு விரல் அகலம். மேலே தோல், அதன் கீழே கொழுப்பு மாதிரி மெத்தென்று இன்னொரு அடுக்கு, நடுவில் நரம்புக்குப் பதிலாகச் சிவப்புச் சாயத் தண்ணீர் நிரப்பிய மெல்லிய ரப்பர் குழாய். நாங்கள் அதை ‘பேடு’ என்போம். நான் பி.எஸ்ஸி. ஃபிசிக்ஸ் என்பதால் சோதனை மேசை என் பொறுப்பு. என்னைத் தவிர மூன்று பெண்கள். ஒருத்தி எண்ணூர்க் குப்பத்திலிருந்து வருவாள், காலையில் மீன் கூடை இறக்கிவிட்டு வேலைக்கு வருபவள். மற்ற இருவரும் வீட்டு வேலை, சோப்புத் தூள், அடுப்பு எல்லாம் பார்த்த கைகள். என் கையும் சும்மா இல்லை, பாத்திரமும் துணியும் நான்தான்.

தோல் மாதிரி ஒன்றைச் செய்வது சுலபம் என்று நினைத்துத்தான் முதலாளி இறங்கினார். தோல் அவருக்குத் தண்ணி காட்டிவிட்டது. ரப்பரை இழுத்தால் முதல் இழுப்பிலேயே எதிர்த்து நிற்கும். மனிதத் தோல் அப்படியில்லை. புறங்கையைக் கிள்ளித் தூக்கிப் பாருங்கள், முதலில் தாராளமாக வரும், பிறகு ஓர் இடத்தில் ‘போதும்’ என்று நின்றுவிடும். அந்தக் குணத்தைக் கொண்டுவர, சிலிகானில் எண்ணெய் சேர்த்து இளக்கி, உள்ளே மெல்லிய வலைத்துணி ஒன்றைப் புதைத்தோம். இழுத்தால் முதலில் சிலிகான் நீளும், அப்புறம் வலை பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு தட்டு வார்ப்பிலிருந்தும் ஒரு துண்டு வெட்டி, பிடிகளில் மாட்டி, கைப்பிடியைச் சுற்றி இழுத்து, எங்கே கிழிகிறது என்று பார்ப்பேன். கட்டை விரலால் அழுத்தி விட்டால் பள்ளம் எவ்வளவு சீக்கிரம் எழும்புகிறது என்று எண்ணுவேன். பத்து எண்ணுவதற்குள் எழும்பாத தோல் குப்பைக்குப் போகும்.

எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்பதில்தான் சிக்கல். மனிதத் தோலை வெட்டியெடுத்து இயந்திரத்தில் மாட்ட முடியாதே. அதனால் எங்களிடம் ஒரு பழக்கம் இருந்தது, ‘கை வச்சிப் பாக்குறது’ என்போம். கெட்டித்தன்மையை அளக்க, பாக்கெட் கடிகாரம் மாதிரி ஒரு கருவி உண்டு. அடியில் மொண்ணையான சிறு முனை. அதை வைத்து அழுத்தினால் முள் நகர்ந்து எண்ணைக் காட்டும். புது வார்ப்பு வந்ததும் நாங்கள் நான்கு பேரும் மேசையில் முன்கையை நீட்டுவோம். கருவியை முதலில் எங்கள் கையில் அழுத்தி, பிறகு பேடில் அழுத்துவோம். இரண்டு எண்ணும் ஒத்துப்போனால் பாஸ். எங்கள் கைகளில் முள் ஏறக்குறைய ஐம்பதில் நிற்கும். ஆக ஐம்பதுதான் மனிதத் தோல் என்று முடிவாயிற்று. சுவரில் சாக்பீஸால் பெரிதாக எழுதியும் வைத்தோம். பேடுகள் சீக்கிரம் கிழியாததால் வாங்கிய பள்ளிகளும் சந்தோஷப்பட்டன.

வீட்டில் நானும் அப்பாவும் மட்டும். அம்மா போய்ப் பல வருடம். ராயபுரத்தில் மாதா கோயில் மணி கேட்கிற தூரத்தில் ஒண்டுக் குடித்தனம். அப்பா துறைமுகத்தில் கப்பல் சரக்கு தூக்கும் விஞ்ச் ஓட்டி ரிட்டையர் ஆனவர். ஒருமுறை கம்பி வடம் அறுந்து அடித்ததில் வலது கை முறிந்து, பிளேட் வைத்து, முழங்கைக்குக் கீழே ஒரே தழும்பாகிவிட்டது. அந்தக் கையில் நரம்பைத் தேடினால் சாமியே வந்தாலும் கிடைக்காது. மூச்சிழுப்புக்காக மருந்துக்கடையில் தானாகவே வாங்கி விழுங்கிய மாத்திரைகளில் அவருடைய தோல் வெங்காயச் சருகு மாதிரி ஆகியிருந்தது. நாற்காலி முனை உரசினால்கூடக் கருநீலமாகக் கன்றிவிடும்.

அந்த வருட மழைக்காலத்தில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு முட்டியது. கடலோரமாக இருந்த ஒரு பழைய தர்ம ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். இரவும் பகலும் மருந்து நரம்பு வழியாக ஏற வேண்டும். வலது கை ஆகாது. காலில் சர்க்கரைப் புண், அங்கேயும் குத்தக் கூடாது. டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னார்: “நமக்கு இருக்குறது இந்த இடது கை ஒண்ணுதான்மா. இதுல நரம்பு போச்சுன்னா கழுத்துலதான் போடணும்.”

இது அப்பாவின் காதில் விழுந்துவிட்டது. புயலில் கப்பல் ஆடும்போதுகூட விஞ்ச் மேல் உட்கார்ந்திருந்த மனுஷன், என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“கய்த்துல வேணாம்மா. கய்த்துல குத்துனா நான் எய்ந்து வூட்டுக்கு வந்துடுவேன், ஆமா.”

“கய்த்துல இல்ல நைனா. கைலதான். நான் பாத்துக்கறேன்.”

நான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னேன். அவர் நம்பினார்.

மூன்றாம் நாள் காலை, பயிற்சிக்காக ஏழெட்டு மாணவிகள் வார்டுக்குள் வரிசையாக நுழைந்தார்கள். நீலமும் வெள்ளையுமாகச் சீருடை, மடித்துக் கட்டிய இரட்டைப் பின்னல். தோளில் பை, பையில் பள்ளியின் பெயர். அந்தப் பெயரை எங்கள் அட்டைப் பெட்டிகளின் மேல் மார்க்கரில் நானே எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். பார்த்ததும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நாம் செய்த தோலில் பழகிய பிள்ளைகள், நம் அப்பாவைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று பக்கத்துக் கட்டில்காரரிடம் பீற்றிக்கொள்ளவும் செய்தேன்.

அப்பாவுக்கு வந்தவள் வியாசர்பாடிப் பெண். ஒல்லியாக, உயரமாக, சிரித்த முகம். “நைனா, எறும்பு கடிக்கிற மாறி தான் இர்க்கும், பயப்படாத” என்று ரப்பர் பட்டையைக் கட்டினாள். நரம்பைத் தடவிப் பிடித்தாள். கட்டை விரலை ஊன்றி, மணிக்கட்டின் பலத்தைக் கொடுத்து ஒரு தள்ளு தள்ளினாள். ஊசி நரம்புக்குள் போய், நிற்காமல் அதன் அடிச்சுவரையும் துளைத்துக்கொண்டு போயிற்று. அந்த இடம் உடனே எலுமிச்சங்காய் அளவுக்கு நீலமாக உப்பியது. அப்பா பல்லைக் கடித்துக்கொண்டார்.

“ஐயோ, சாரி நைனா. இன்னானு தெர்லயே. ஸ்கூல்ல ஊசி போட்றதுல நான்தான் ஃபர்ஸ்ட்டு” என்று பெண் என்னைப் பார்த்துச் சொன்னாள். கண் கலங்கியிருந்தது.

அந்தத் தள்ளு எனக்குத் தெரியும். தினமும் மேசையில் பேடுக்குள் ஊசியை இறக்கும்போது நான் கொடுக்கிற தள்ளு அது. அந்த அளவு பலம் கொடுத்தால்தான் எங்கள் தோல் வழிவிடும். அவள் நன்றாகப் படித்த பெண், பேடு கேட்ட பலத்தை அப்படியே கொடுத்தாள். வார்டு சிஸ்டர் வந்து சற்று மேலே வேறோர் இடத்தில் ஊசியை ஏற்றி, அப்பாவின் கையைச் சரிசெய்தார்.

அன்று சும்மா இருந்திருக்கலாம். ஆனால் பயம் வந்துவிட்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. மறுநாள் கம்பெனியிலிருந்து அந்த அளவுக் கருவியைத் துண்டில் சுற்றி, யாருக்கும் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனேன். மத்தியானம் அப்பா கண்ணயர்ந்த நேரம், ஊசி இல்லாத பக்கமாக அவருடைய முன்கையில் மெதுவாக வைத்தேன். முள் இருபதைத் தொடவில்லை. வயசாளித் தோல், மாத்திரைத் தோல், அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, கருவியை என் கையில் வைத்தேன். ஐம்பது. அப்பாடா என்று மூச்சு விடும்போதுதான் என் கையைக் கவனித்தேன். முஷ்டி மூடியிருந்தது.

முனை மொண்ணை, வலிக்காது, அது எனக்குத் தெரியும். ஆனாலும் ஊசி மாதிரி ஒன்று நெருங்கினாலே கை தானாக மூடிக்கொண்டு, உள்ளே சதை கல்லாகிவிடுகிறது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். கையை அப்பாவின் போர்வை மேல் தளர்த்திப் போட்டு மறுபடி அழுத்தினேன். முள் முப்பதுக்கு வந்துவிட்டது. நான்கு வருடமாக நாங்கள் நான்கு பேரும் மேசையில் கையை நீட்டியபோதெல்லாம் முஷ்டியை மூடிக்கொண்டுதான் நீட்டியிருக்கிறோம். மீன் கூடையும் சோப்புத் தூளும் மரத்துப்போகச் செய்த தோல், அதுவும் பயந்து இறுக்கியபோது அளந்தது. அதைத்தான் மனிதத் தோல் என்று சுவரில் எழுதி வைத்திருந்தோம்.

எனக்கு வியர்த்துவிட்டது. காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது, முதுகு நனைந்துபோயிற்று. வார்டில் அந்த நீலச் சீருடை எந்தப் பக்கம் நகர்ந்தாலும் என் கண் பின்னாலேயே போயிற்று. அந்தக் கட்டிலில் ஒரு கிழவி, இந்தக் கட்டிலில் பிள்ளை பெற்ற பெண். எல்லோருடைய கையும் தளர்ந்து கிடந்தது. ‘கையை லூசா வுடு’ என்று சொல்லிவிட்டு, இறுக்கிய கைக்குப் பழகிய பலத்தோடு ஊசியை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

எழுந்து போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வேலை போய்விடும் என்று பயம். போலீஸ் வருமோ என்றுகூடப் பயந்தேன், இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, அப்போது வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு சாமர்த்தியம் செய்தேன். வார்டு சிஸ்டரிடம் போய், “எங்க அப்பாவுக்கு மட்டும் நீங்களே ஊசி போடுங்க சிஸ்டர், அவரு தோலு ரொம்ப மெல்லிசு” என்று கெஞ்சினேன்.

“எல்லாரும் இதையேதாம்மா சொல்றாங்க. அப்ப இந்தப் பிள்ளைங்க எங்க போய்க் கத்துக்கும்?” என்றார் அவர். ஆனாலும் பார்க்கிறேன் என்று தலையை ஆட்டினார்.

இரண்டு நாள் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் கீழே மருந்து வாங்கப் போய்த் திரும்பி வந்தேன். பழைய ஊசி அடைத்துக்கொண்டதாம், சிஸ்டர் வேறொரு நோயாளியோடு எக்ஸ்ரே அறைக்குப் போயிருக்க, வியாசர்பாடிப் பெண்ணே புது ஊசி போட்டிருந்தாள். முகமெல்லாம் சந்தோஷம்.

“அக்கா, ஒரே குத்துல கெட்ச்சிடுச்சி! ரத்தம் வந்துச்சி, நைனா கத்தக்கூட இல்ல.”

மருந்து சொட்டிக்கொண்டிருந்தது. நானும் சிரித்தேன். அவளுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்கூடக் கொடுத்தேன்.

அரை மணி நேரம் போயிருக்கும். அப்பா, “எரியுதும்மா” என்றார். போர்வையை விலக்கினேன். மணிக்கட்டுக்கு மேல் கை புசுபுசுவென்று வீங்கியிருந்தது. தொட்டேன், சில்லென்றிருந்தது. எதற்கென்று தெரியாமல் என் கட்டை விரல் தானாகப் போய் அந்த வீக்கத்தில் அழுத்திவிட்டு எடுத்தது. பள்ளம் விழுந்தது. எண்ணத் தொடங்கினேன். பத்து வந்தது, பள்ளம் எழும்பவில்லை. இருபது வந்தது. முப்பது எண்ணும்போது என் குரல் எனக்கே வெளியில் கேட்டது. ஊசி நரம்புக்குள் புகுந்து ரத்தத்தைக் காட்டிவிட்டு, அடிச்சுவரையும் ஓட்டை போட்டிருந்தது. அரை மணி நேரமாக மருந்தெல்லாம் தோலுக்கு அடியில் தேங்கிக்கொண்டிருந்தது.

குழாயில் இருந்த சக்கரத்தைத் திருகி நிறுத்தினேன். பிறகு கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை.

சிஸ்டர் ஓடிவந்து ஊசியை உருவினார். கையைப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி, வார்டே பார்க்கத் திட்டினார். யாரைக் கேட்டுப் போட்டாய், படித்தாயா இல்லையா, உன்னைப் பற்றி எழுதி அனுப்புகிறேன் பார். பெண் சுவரோடு ஒட்டி நின்றாள்.

“ஒயுங்கா தான் போட்டேன் சிஸ்டர். பேடுல போட்ற மாறியே தான் போட்டேன். சத்தியமா, அதே மாறிதான் போட்டேன்.”

நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். ஒரு வாக்கியம் போதும். ‘அந்த பேடே தப்பு சிஸ்டர், அதைப் பாஸ் பண்ணியவள் நான்தான்.’ வாய் வரவில்லை. மருந்து பாட்டில் தொங்கும் கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவளை அன்றைக்கே வார்டிலிருந்து அனுப்பிவிட்டார்கள்.

அப்பாவுக்குக் கழுத்தில்தான் போட்டார்கள். திரைக்கு அந்தப் பக்கமிருந்து, “எம்மா, கூட இரும்மா” என்று அவர் சொன்னது கேட்டது. என்னை உள்ளே விடவில்லை. நான்கு நாள் கழுத்தில் குழாயோடு, தலையைத் திருப்பாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். மூச்சு தேறியது. ஆனால் கையில் மருந்து தேங்கிய இடம் சிவந்து, கொப்பளித்து, உள்ளங்கையளவுக்குக் கருத்துச் செத்துப்போயிற்று. அதை வெட்டியெடுத்துவிட்டு, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் நான் அந்த ஒட்டுத் தோலைப் பார்ப்பேன். தொட மாட்டேன்.

முதலாளியிடம் மட்டும் சொன்னேன். முஷ்டியை மூடிக் காட்டினேன், திறந்து காட்டினேன். அவர் தன் கையிலேயே கருவியை வைத்து இரண்டு முறை பார்த்தார். “இனிமே வார்க்குறதுல எண்ணெயக் கூட்டிடலாம். வெளிய போனது போச்சு. யார்கிட்டயும் வாயத் தொறக்காத” என்றார். நான் கோபப்பட்டிருக்க வேண்டும். எனக்கு நிம்மதியாக இருந்தது. சுவரில் இருந்த ஐம்பதை ஈரத் துணியால் துடைத்தேன்.

அப்பா வீட்டுக்கு வந்த பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து இட்லி வைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் அந்தப் பெண் நின்றிருந்தாள். சீருடை இல்லை, சாதாரணச் சுடிதார். கையில் சாத்துக்குடிப் பை. ஆஸ்பத்திரியில் விலாசம் வாங்கி வந்திருக்கிறாள். விஷயம் தெரிந்து சண்டைக்கு வந்துவிட்டாள் என்றே நினைத்தேன். அவள் உள்ளே வந்து அப்பாவின் காலைத் தொட்டாள்.

“ஏ, எய்ந்துரு. இன்னா இதெல்லாம்? குந்து, இட்லி துன்னு” என்றார் அப்பா.

அவள் உட்கார்ந்தாள். சாப்பிடவில்லை. பள்ளியில் அவளை நிறுத்திவிடவில்லை என்றும், ஆனால் மூன்று மாதத்துக்கு வார்டுப் பக்கமே போகக் கூடாது என்றும் சொன்னாள்.

“அப்ப டெய்லி இன்னா பண்ற?” என்று அப்பா கேட்டார்.

“டெய்லி ரெண்டு மணி நேரம் பேடுலயே போட்டுப் பயகணும்னு பனிஷ்மென்ட் நைனா. விடாம போட்டுக்கினு கீறேன். கை நல்லா ஸ்ட்ராங்கா ஆயிடுச்சி. இனிமே தப்பே வராது.”

இட்லித் தட்டு என் கையிலிருந்து நழுவி விழுந்தது. சட்னி சுவர் வரைக்கும் தெறித்தது. அதைத் துடைக்கக் குனிந்தவள் எழுந்திருக்காமல், தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கம்பெனி, மேசை, முஷ்டி, ஐம்பது, அன்றைக்கு நான் வாயைத் திறக்காதது. சொல்லி முடித்துவிட்டு அடிக்காகக் காத்திருந்தேன். அவள் திட்டவில்லை. கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, எங்க ஸ்கூல்ல இன்னும் அதுலதான் எல்லாரும் போட்டுக்கினு கீறாங்க. அடுத்த வாரம் ஜூனியர்லாம் வார்டுக்குப் போறாங்க.”

அப்பா என்னைப் பார்த்தார். அவருக்கும் இது அப்போதுதான் தெரியும். என்னென்னவோ சொல்வார் என்று நினைத்தேன். “நாளைக்கு நானும் வர்றேன்” என்றார், அவ்வளவுதான்.

பள்ளி தண்டையார்பேட்டையில், ஒரு கோடவுனை ஒட்டிய மாடிக் கட்டடம். அப்பா மாடிப்படி ஏறி மூச்சு வாங்கியதால் அவரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, நானும் அந்தப் பெண்ணும் பிரின்சிபால் மேடத்தின் அறைக்குள் போனோம். மேடம் நான் சொன்னதைக் கடைசிவரை கேட்டார். பியூனை விட்டு ஒரு பேடை எடுத்துவரச் சொன்னார்.

“உங்க கருவியைக் கொண்டுவந்திருக்கீங்களே. காட்டுங்க, பார்ப்போம்.”

பேடில் அழுத்தினேன். ஐம்பது. பிறகு என் கையை மேசையில் நீட்டினேன். தளர்த்த வேண்டும், தெரியும், அதைக் காட்டத்தானே வந்திருக்கிறேன். விரல்களைப் பிரித்தேன். தோள் இறுகியது. தோளை இறக்கினேன், விரல் மூடியது. பெண் என் மணிக்கட்டைப் பிடித்து, “லூசா வுடு அக்கா, லூசா வுடு” என்று மெதுவாகச் சொன்னாள். மேடம் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலை, முதலாளி, கருத்துப்போன தோல் எல்லாம் சேர்ந்து என் கையைக் கல்லாக்கிவிட்டன. மேடமே கருவியை வாங்கி என் கையில் அழுத்தினார். முள் ஐம்பதில் போய் நின்றது.

“சரியாத்தானேம்மா இருக்கு?” என்றார் அவர்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சரியில்லை மேடம், சரியில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன், வேறு வார்த்தை வரவில்லை. அவர் கருவியைத் துண்டில் சுற்றி என்னிடமே நீட்டினார். அந்தச் சமயத்தில் கதவு திறந்தது. அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். யாரும் சொல்லாமலே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சட்டைக் கையை முழங்கை வரை மடித்து, இடது கையை பேடுக்குப் பக்கத்தில் வைத்தார். ஒட்டுப் போட்ட இடம் வேறு நிறத்தில் பளபளத்தது.

“இத்தப் புட்ச்சிப் பாருங்க மேடம்” என்றார். “பயப்படாம அமுத்துங்க.”

அவருக்கும் பயம்தான். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார், உதடு துடித்தது. ஆனால் கை மட்டும் மேசையில் தளர்ந்து கிடந்தது. மேடம் தழும்புக்குத் தள்ளி, ஊசி போடுகிற இடத்தில் கருவியை வைத்தார். முள் கொஞ்சம் நகர்ந்து நின்றது. அவர் கருவியைத் தூக்கிவிட்டு, விரலால் ஒருமுறை அப்பாவின் தோலைத் தொட்டார். அப்புறம் பேடைத் தொட்டார். மறுபடி அப்பாவின் கையைத் தொட்டார்.

அடுத்த அறையில் நடந்துகொண்டிருந்த வகுப்பு எங்கள் நான்கு பேருக்கும் தெளிவாகக் கேட்டது. நாற்காலிகள் நகரும் சத்தம், பெண் பிள்ளைகளின் சிரிப்பு, அதற்கு மேலே டீச்சரின் குரல்.

“பயப்படாதீங்க, இன்னும் அழுத்துங்க. இன்னும். மனுஷத் தோலுன்னா அப்படித்தான் இருக்கும்.”

மேடம் எழுந்தார். ஒரு செருப்பு மேசைக்கு அடியிலேயே கிடக்க, ஒற்றைக் காலில் செருப்போடு அந்த அறையை நோக்கி ஓடினார்.